அம்புமுனை தேடிச் சிராப்பள்ளிக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து திருச்சிராப்பள்ளிக்குப் போகிறவர் மலைக்கோட்டை ஏறுவதற்குப் போவர். காவிரியில் முழுகுவதற்குப் போவர். சுருட்டு வாங்கப் போவாரும் உளர். நான் அம்புமுனை வாங்கப் போனேன். பள்ளியில் இலக்கணம் கற்பித்துப் பிழைப்பவன், புலால் உண்ணாதவன், எருமையைக் கொல்லும் முனை தேடித் தெருத்தெருவாய் அலைந்தான் என்று கேட்டு நகைத்தவர் பலர். அவர்கள் நகைத்ததில் பிழை இல்லை. பயணம் நகைப்புக்குரியதாகத்தான் தொடங்கிற்று.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தங்கை வன்னியில் வாழ்க்கைப்பட்டவள். அவள் ஊரில் வயலுக்குப் போகும் வழி குளத்தின் கரைமேல் செல்வது. வேறு வழி இல்லை. அந்தக் கரையை ஒரு காட்டெருமைக் கடா தனதாக்கிக்கொண்டது. கூட்டத்தினின்று விலக்கப்பட்டுத் தனித்துத் திரிவது. அது என் மைத்துனரின் தமையனைக் குத்திக் கொன்றது. போர்க்காலம் ஆகையால் துப்பாக்கி உடையவர்க்கும் தோட்டா கிடைக்கவில்லை. மைத்துனர் வில்லாளர். ஊர்க் கொல்லன் அடித்துத் தந்த முனையைப் பூட்டி அதை எய்தார். அம்பு விலாவெலும்பிற் பட்டது. முனை நாயின் காதுபோல் மடிந்தது. எருமை சாகவில்லை, புண்பட்டு முன்னினும் கொடியதாயிற்று.

அறுவடைக்கு முன் மீண்டும் போவேன் என்றார் மைத்துனர். எதைக் கொண்டு என்று கேட்டேன்.

"இருக்கிறதைக் கொண்டு," என்றார்.

தங்கை என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனாள். "அண்ணை, ஒண்டில் அவரை மறியுங்கோ. இல்லாட்டி மடியாத முனை தேடிக் கொண்டந்து குடுங்கோ. ரெண்டில ஒண்டு செய்யுங்கோ."

மறித்துப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. ஆகவே மற்றதை மேற்கொண்டேன்.

திருச்சிராப்பள்ளியைச் சொன்னவர் வரதையங்கார். யாழ்ப்பாணத்தில் என்னோடு ஒரே பள்ளியில் கணக்குக் கற்பித்து, ஓய்வு பெற்றுத் திருவரங்கம் திரும்பிய நண்பர். அவ்வூரில் சுருட்டிலை அரியும் கத்தி அடிக்கும் கொல்லர் உளர் என்றும், புகைவண்டிப் பெட்டியின் அடியில் அதிர்ச்சி தாங்கும் விற்பட்டைகள் தேய்ந்தபின் பழைய இரும்பாகக் கிடைக்கும் என்றும், இக்காலத்தில் அதனினும் நல்ல எஃகு எங்கும் இல்லை என்றும் எழுதியிருந்தார். கடல் கடக்கப் போர்க்கால அனுமதி சில நாளைக்கே கிடைத்தது. மைத்துனர் தம் வில்களுள் ஒன்றையும் முனையற்ற சில அம்புக்கோல்களையும் பாயிற் சுருட்டித் தந்தார்.

அந்தப் பாய்ச்சுருள் என்னை ஊரெங்கும் காட்டிக் கொடுத்தது. திருச்சிராப்பள்ளியிலிருந்து திருவரங்கம் செல்லும் பேருந்து கரியை எரித்து அதன் வாயுவால் ஓடுவது. பின்புறத்தில் ஓர் உலையைச் சுமந்துகொண்டு, இருமும் கிழவன்போல் நகர்ந்தது. என் பாயின் முனை ஒருவர் முதுகிலும் மறுமுனை ஒருவர் மடியிலும் இடித்தது.

"என்னங்க அது, கரும்பா?" என்றார் முன்னே இருந்தவர்.

"வில்," என்றேன்.

"ஓகோ, நாடகக் கம்பெனிங்களா! ராஜா வேஷமா, வேடன் வேஷமா?"

"அவர் வயித்தப் பாத்தா வேடன் மாதிரியா இருக்கு? மந்திரி வேஷந்தான்," என்றாள் கூடைக்காரி ஒருத்தி.

காவிரிப் பாலத்தின் நடுவில் வண்டி நின்றது. ஓட்டுநர் இறங்கிப் பின்னுலையைக் கிளறினார்; புகை வந்தது, விசை வரவில்லை. ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். அருகில் தள்ளிய இரு வணிகர் தெலுங்கிற் பேசிக்கொண்டனர். 'இந்த வண்டிக்குக் கட்டணம் கொடுத்தது நாமா, இது நமக்குக் கொடுக்க வேண்டுமா?' என்று ஒருவர் கேட்டதாகவும், 'இறங்கும்போது கேட்டுப் பார், கரித்துண்டு தருவான்' என்று மற்றவர் சொன்னதாகவும், சன்னல் வழியே தலைநீட்டிக் கூடைக்காரி எனக்கு மொழிபெயர்த்தாள். கீழே காவிரி அகன்று கிடந்தது. எங்கள் நாட்டில் ஆறு என்று நாம் சொல்வனவற்றை எல்லாம் அதன் ஒரு கால்வாயில் ஊற்றிவிடலாம்.

வரதையங்கார் வாசலிலேயே நின்றார். "வரணும், வரணும் பண்டிதரே! கையில வில்லோட எழுந்தருளியிருக்கேளே! சேவிச்சுக்கணும் போல இருக்கே!" என்று சிரித்தார். வாசலை அடுத்த அறையில் என்னை இருத்தினர். உணவும் அங்கேயே வந்தது. அவர்கள் வீட்டு வழக்கம் அது. யாழ்ப்பாணத்தில் என் வீட்டு முற்றத்தில் அவர் தாமே சமைத்து உண்டதையும் நான் பிழையாகக் கொண்டதில்லை. மிளகும் துவரம்பருப்பும் மணக்கும் நீர்த்த சாற்றைச் சாத்தமுது என்றனர். தேங்காய்ப்பால் இன்றி ஒரு நாடு உண்டு உயிர்வாழ்வதை அன்று முதன்முதல் நம்பினேன். மூன்று முறை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் பாலக்கரையில் மாணிக்கம் ஆசாரியின் பட்டறைக்குப் போனேன். அவர் தம் கத்திகளின் புகழைச் சொல்லி முடிக்குமட்டும் காத்திருந்து, அம்புமுனை வேண்டும் என்றேன்.

"சாமி வேட்டைக்கு எழுந்தருள்ற திருவிழாவுக்குங்களா? வெள்ளி முலாம் பூசிடலாம். நல்லா மினுக்கும்."

"திருவிழாவுக்கு அன்று, எருமைக்கு."

"எருமைக்கா!" அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "எருமை மேல எமன்ல சவாரி வருவான். எமன் மேலேயே அம்பு விடப் போறீங்களா? சரி, அதுக்கும் ஒண்ணு அடிச்சாப் போச்சு."

இனி முனையைப்பற்றி நாங்கள் ஆராய்ந்ததைச் சற்று விரித்துச் சொல்லுதல் வேண்டும். இப்பயணத்தில் நான் செய்த செயல் அது ஒன்றே. ஆசாரி முதலில், கொக்கிபோற் பின்னோக்கிய முள் வைத்துத் தருவதாகச் சொன்னார். உள்ளே போனால் திரும்பி வராதாம். பழைய போர்நெறி அத்தகைய முனையை விலக்கியது என்பது ஒருபுறம் இருக்க, எனக்கு வேண்டியது உள்ளே போவது. வெளியே வருவதைப்பற்றிக் கவலை இல்லை. பெருவிலங்கைக் கொல்வது உள்ளே ஓடும் குருதிக்குழாய்களை அறுக்கும் விளிம்பு. முள் அறுப்பதில்லை, தடுக்கும்.

பின்னர் அவர் தம் அறிவின் கொடுமுடியை எடுத்துக் காட்டினார். சுருட்டு நறுக்கும் கத்தரிபோல ஆணியில் அசையும் இரு சிறகுகள். பறக்கும்போது மடங்கியிருக்கும், உடம்பினுள் நுழைந்ததும் விரிந்து அகன்ற புண் செய்யும்.

"விரியாவிட்டால்?" என்றேன்.

"விரியுமுங்க. என் கை வேலை."

"தோலிலேயே விரிந்துவிட்டால்?"

அவர் தலையைச் சொறிந்தார். "அப்போ எருமைக்கு நல்ல நேரமுங்க."

அசையும் உறுப்பு ஒன்றும் வேண்டாம், ஒரே துண்டு விற்பட்டை எஃகில் அடித்தெடுத்த முனையே வேண்டும் என்று உறுதி செய்தேன். அரசிலைபோல் அகன்றது எலும்பில் முட்டி நின்றுவிடும். மூங்கிலிலைபோல் ஒடுங்கியது ஊடுருவும், ஆனால் புண் தானே மூடிக்கொள்ளும். அகலத்தைப்போல் மும்மடங்கு நீளம் கொண்டு, இரு விளிம்பும் நுனியிலிருந்தே கூராகி, நடுவே வலிய முதுகு ஓடும் வடிவத்தைத் தேர்ந்தேன். கோலுக்குள் செருகும் காம்பு, எலும்பில் மோதுங்கால் கோலைப் பிளந்துவிடும். ஆகவே கோலை உள்வாங்கும் குழல். விளிம்பு மயிர் மழிக்கும் அளவுக்கு மெல்லியதானால் முதல் எலும்பிலேயே சுருண்டுவிடும். தடித்ததானால் தோலைத் தள்ளுமேயன்றி அறுக்காது. இழுத்துப் பிடித்த பருத்திநூல் வைத்த மாத்திரத்தில் அறுமளவே அளவு என்று முடிவு செய்தோம்.

"சாமி பேசுறது பொஸ்தகம் படிச்ச மாதிரி இருக்கு," என்றார் ஆசாரி. "ஆனா காரியம் புரியுது. முதல்ல ஒண்ணு அடிச்சுத் தரேன். எருமை கிட்ட காட்டிட்டு வாங்க."

எருமையிடம் காட்டுவது எளிதாகவே இருந்தது. பட்டறைக்குச் சற்று அப்பால் காசிம் பாய் என்னும் இறைச்சி வாணிகரின் கொட்டில். மாடறுக்கும் இடத்தில் நான் அதற்கு முன் கால் வைத்ததில்லை. மேலாடையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றேன்.

"மூக்கைப் பொத்தாதீங்க ஐயா. மாடு கோவிச்சுக்கும்," என்றார் காசிம் பாய்.

உரித்த எருமையின் முன்பாதி ஒன்று தூலத்தில் தொங்கியது. அதன் மேல் அதன் தோலையே மீண்டும் போர்த்தச் சொன்னேன். அந்தத் தோலைக் கையால் மடிக்க இயலவில்லை. செருப்புக்குப் பதப்படுத்தாத முன்னமே செருப்பாக இருந்தது. விலாவெலும்புகள் தட்டையாய், அகன்று, இடைவெளி இன்றி நெருங்கி நின்றன. மைத்துனரின் அம்பு எவ்வாறு மடிந்தது என்பதை அப்பொழுது கண்ணாற் கண்டேன். வில்லை வளைக்க எனக்கு வலிமை போதவில்லை. காசிம் பாய் வாங்கிக்கொண்டார். "பிஸ்மில்லா," என்று சொல்லி நாணை விட்டார். அம்பு மாட்டை விட்டுக் கொட்டிலின் தூணில் நின்று அதிர்ந்தது.

அவருடைய தம்பி உருதுவில் ஏதோ சொல்ல, அங்கிருந்தோர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தனர். 'தூணைக் கொன்றுவிட்டாய் அண்ணா. தோலை நான் உரிக்கட்டுமா?' என்றானாம். 

அடுத்த அம்பு பட்டது. முனை எலும்பில் நின்று நுனி சாய்ந்தது. ஆசாரி எஃகை நீரிலும் தோய்க்காமல் எண்ணெயிலும் தோய்க்காமல் தானே ஆறவிட்டிருந்தார். வடிவம் நன்று, வலிமை இல்லை. அன்று எனக்கு உணவு செல்லவில்லை. சாத்தமுதின் மணம்கூட எட்ட இருந்து வந்தது.

எங்கள் வன்னிக் கொல்லர், வலிய வேலைக்கு எஃகைச் செங்கனலாகக் காய்ச்சி உருகிய கொழுப்பில் தோய்ப்பர் என்று மைத்துனர் சொல்லியிருந்தார். நீர் எஃகைத் திடுமெனக் குளிர்வித்து விறைப்பாக்கி வெடிக்கச் செய்யும். கொழுப்பு மெல்லக் குளிர்விக்கும். எண்ணெய் போதிய அளவு கிடைக்காத காலம். காசிம் பாயிடம் எருமைக் கொழுப்பு ஒரு சட்டி வாங்கினேன். அதை நானே சுமந்து பாலக்கரைத் தெருவில் நடந்தேன். தமிழ் கற்பிக்கும் கை அது என்று என்னைக் கண்டவர் எவரும் எண்ணியிரார்.

ஆசாரி முகம் சுளித்தார், ஆயினும் செய்தார். கனலும் முனை கொழுப்பில் இறங்கியபோது எழுந்த புகை பட்டறையை நிரப்பியது. பிறகு அதை இளஞ்சூட்டில் வைத்து, எஃகின் மேனி வைக்கோல் நிறம் கடந்து நீலம் தொடங்கும் வேளையில் எடுத்தார். மறுநாள் காசிம் பாய் தூணைக் கொல்லவில்லை. முனை தோலை அறுத்து, விலாவெலும்பைப் பிளந்து, எதிர்ப்புற எலும்பில் போய் நின்றது. வெளியே எடுத்துத் துடைத்தேன். நுனி சாயவில்லை. விளிம்பில் ஒரு சிறு வடு, அவ்வளவே. நூலை வைத்தேன், அறுந்தது.

இப்பயணத்தில் நான் மகிழ்ந்த நேரம் அது. காசிம் பாயின் கையைப் பற்றிக்கொண்டேன். அவர் மட்டும் தொங்கிய உடலை ஒருமுறை தட்டிவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரிதான் ஐயா. இது செத்த மாடு, நிக்குது. உங்க மாடு நிக்குமா?"

முனையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆசாரியின் பட்டறைக்குத் திரும்பினேன். இதைப்போலவே தூணி நிறைய அடித்துத் தருக என்றேன். ஒரே எடை, ஒரே வடிவம், ஒரே தோய்ப்பு. அவர் நாள் குறித்தார்.

அன்று மாலை வரதையங்காரிடம் மகிழ்ச்சி மிகுதியால் எல்லாவற்றையும் சொன்னேன். கொழுப்பையும் சொன்னேன். அவர் முகம் சற்று மாறிற்று.

"கொழுப்பா? அந்த முனை இப்போ எங்கே இருக்கு?"

"இந்த அறையில். என் பெட்டியில்."

உள்ளே அவர் நாள்தோறும் வழிபடும் பெருமாளின் அறை. அவர் அதைத் திரும்பிப் பார்த்தார். "துஷ்ட மிருகத்தைக் கொல்றது தோஷமில்லை பண்டிதரே. அது ரக்ஷணம். ஆனா ஆத்துக்குள்ள..." என்று நிறுத்தி, "போறது, நான் பாத்துக்கறேன்," என்றார். முனையைப் பெட்டியோடு வெளியே வைக்கவா என்று கேட்டேன். "சேச்சே, அதெல்லாம் வேண்டாம்," என்று என் கையைத் தடுத்தார். நல்லவர். அத்தகைய நல்லவர் எனக்கு வேறு நண்பர் இல்லை.

காத்திருந்த நாள்களில் திருவரங்கத்தைச் சுற்றினேன். மாடறுக்கும் இடத்துக்குப் போய்வந்த உடம்போடு திருமுன் செல்ல மனம் ஒவ்வாமல், கோயிலின் வெளிச்சுற்றுகளிலேயே நடந்தேன். எங்கள் நாட்டில் கோயிலைச் சுற்றி ஊர் இருக்கும். இங்கே கோயிலுக்குள்ளேயே ஊர் இருந்தது. மதில்களின் இடையே தயிர் விற்றனர், மாடு கட்டினர், மாமியார் மருமகளைத் திட்டினாள். ஒரு மண்டபத்தின் தூண்களிலே, பின்காலில் எழுந்த குதிரைகளின் மேல் வேட்டுவ வீரர் அமர்ந்து, பாயும் விலங்குகளைக் குத்திக்கொண்டிருந்தனர். கல்லில் ஈட்டியின் நுனி விலங்கின் வாயூடு புகுந்து கழுத்தூடு வந்தது. விலங்கு நகத்தை உயர்த்தியிருந்தது. அந்நகம் வீரனின் காலைத் தொடுவதற்கு இன்னும் ஓர் அங்குலம் இருந்தது. எத்தனையோ தலைமுறையாக அந்த ஓர் அங்குலம் அப்படியே இருக்கிறது. கல்தச்சன் வீரனுக்குச் செய்த அருள் அது. நான் நெடுநேரம் அங்கு நின்றேன். ஒருவர் வந்து, "சன்னிதி நடை சாத்திடுவா, சீக்கிரம் போங்கோ," என்றார். நான் போகவில்லை.

குறித்த நாளில் ஆசாரி முனைகளைத் துணியில் முடிந்து தந்தார். முன்னையதினும் மினுக்கம் மிகுதி. "இதெல்லாம் அதை விட நல்ல விறைப்புங்க. சாணைக்கே பிடி குடுக்கல," என்று பெருமையாகச் சொன்னார். பொழுது சாய்ந்துவிட்டது, சோதித்துப் பாராமல் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அடுத்த நாள் நான் ஊர் புறப்பட வேண்டிய நாள்; அமாவாசை.

காலையில் வரதையங்கார் முன்னோர்க்கு நீர்க்கடன் கழிக்கக் காவிரித் துறைக்குப் போயிருந்தார். நான் கொல்லைப்புறக் கிணற்றுக் கல்லில் அமர்ந்து முனைகளின் விளிம்பை ஒப்பமிடத் தொடங்கினேன். முதல் முனையைக் கல்லின்மேல் வைத்து அழுத்தினேன். 'டிக்' என்றது. நுனி என் விரலின்கீழ் தனியே கிடந்தது. உடைந்த வாயைப் பார்த்தேன்; கற்கண்டை உடைத்தாற்போல மின்னிற்று. கொழுப்பில் தோய்ந்த எஃகு அவ்வாறு மின்னாது. மற்றவற்றில் விளக்கெண்ணெய் தடவித் துடைத்து, வெற்றிலைச் சுண்ணாம்பைப் பொடியாகத் தூவினேன். வெண்பொடியின்மேல், முதுகிலிருந்து விளிம்புவரை, எண்ணெய் ஊறி மயிர்க்கோடுகள் கறுத்தன. ஒன்றில் ஒன்று; ஒன்றில் மூன்று. கோடில்லாத முனை ஒன்றுகூட இல்லை. வெடிப்புள்ள எஃகை எச்சூட்டாலும் திருத்த இயலாது.

பாலக்கரைக்கு எப்படிப் போனேன் என்பது நினைவில் இல்லை. பட்டறையில் உலை குளிர்ந்து கிடந்தது. ஆசாரி தலைமுழுகி, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியோடு வாசலில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"கொழுப்பில் தோய்த்தீரா?" என்றேன்.

"இல்லீங்க. காவேரித் தண்ணியிலதான்."

"ஏன்?"

அவர் வியப்போடு என்னை நிமிர்ந்து பார்த்தார். "சாமிக்குத் தெரியாதுங்களா? அந்த ஐயங்கார் சாமி நேரா பட்டறைக்கே வந்தாருங்க. 'பெருமாள் எழுந்தருளியிருக்கிற வீடு, எங்க பண்டிதரும் சுத்த சைவம், அந்த அசுத்தத்துல தோய்க்காதீங்கோ'ன்னாரு. அவரே வெங்கலக் குடத்துல காவேரித் தண்ணி தூக்கிக்கிட்டு வந்தாரு, இந்த வெயில்ல. நீங்களும் மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான நின்னீங்க? சாமிக்கு மனசு வராம இருக்குன்னு நினைச்சேன். தண்ணின்னா விறைப்பும் கூட வரும். நல்லதாப் போச்சுன்னு போட்டுட்டேன்."

அவர்முன் உடைந்த துண்டை வைத்தேன். எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பினார்.

"இன்று ஒன்றேனும் அடித்துத் தர இயலுமா? மாலை நான் புறப்பட வேண்டும். அனுமதி முடிகிறது."

"அமாவாசைங்க."

"ஓர் உயிர் இதில் இருக்கிறது, ஆசாரியாரே."

"புரியுது சாமி. ஆனா அமாவாசை அன்னிக்கு நாங்க உலை மூட்டமாட்டோம். எங்கப்பன் செத்து, வீட்டுல அரிசிக்கு வழியில்லாத வருஷம்கூட மூட்டல. நான் மூட்டினா நாளைக்கு இந்தத் தெருவுல எனக்கு ஒருத்தன் நெருப்புக் குடுக்க மாட்டான். வேற எவன் கிட்டப் போனாலும் இதேதாங்க சொல்லுவான். நாளைக்கு விடியக் காலையில மூட்டறேன். இருந்து வாங்கிட்டுப் போங்க."

நாளை விடியும்போது நான் கப்பலேறக் கடற்கரையில் இருக்க வேண்டும். ஆயினும் தெருவின் மறுகோடிவரை நடந்து பார்த்தேன். எல்லா உலையும் குளிர்ந்திருந்தன. எல்லா ஆசாரியரும் நீறணிந்து தூயராய் இருந்தனர்.

திரும்பும்போது பேருந்தில் ஏறாமல் பாலத்தருகே காவிரி மணலில் இறங்கினேன். வெடித்த முனைகளைக் கொண்டுபோவதா என்பதே என்முன் நின்ற வினா. கொண்டுபோனால் மைத்துனர் அவற்றைப் பூட்டுவார். வெடித்தவை என்று சொன்னாலும், ஒன்றுமில்லாததற்கு இவை மேல் என்பார், அவரை அறிவேன். மடிந்த முனையாவது தோலின் மேலேயே நின்று, எருமை சாகாது என்பதை உடனே காட்டி, தப்பி மரத்தில் ஏறுவதற்கு ஒரு கணம் தரும்; வெடித்தது உள்ளே போய் உடைந்து ஏமாற்றும். கையில் தூணி நிறைந்திருக்கும் மனிதன் மரத்தைப்பற்றி நினைப்பதில்லை. கல் ஒன்றைத் தேடி எடுத்தேன். ஒவ்வொரு முனையையும் பாறையின் விளிம்பில் வைத்து அடித்தேன். ஒரே அடியில் உடைந்தன. துண்டுகளை ஆற்றில் எறிந்தேன். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, "என்ன நேர்த்திக்கடனுங்க இது?" என்று கேட்டாள்.

கொழுப்பில் தோய்ந்த அந்த ஒரு முனை மட்டும் எஞ்சியது.

வரதையங்காரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் குடம் சுமந்த வெயில் என் கண்முன் நின்றது. புகைவண்டி நிலையத்துக்கு அவரும் வந்தார். இலையிற் கட்டிய புளியோதரையைக் கையில் வைத்தார். "காவேரி தீர்த்தம் பட்ட முனை பண்டிதரே. ஜயந்தான், சந்தேகமே இல்லை," என்றார். ஆம் என்றேன். வண்டி நகர்ந்தபோது இரு கையும் கூப்பி நின்றார்.

வன்னியில் மைத்துனர் துணியை அவிழ்த்தார்.

"ஒண்டுதானோ மச்சான்?"

"ஒன்றுதான். மற்றவை உடையக்கூடியவை, உடைத்துவிட்டேன்."

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகத்தால் விளிம்பைத் தடவினார். நூலை இழுத்துப் பிடித்து வைத்தார். அறுந்தது. அவர் முகத்தில் நான் அஞ்சிய துணிவு தோன்றிற்று. "ஒண்டு காணும்," என்றார்; ஒன்றே போதும் என்பது அவர் முடிவு.

இன்னொருமுறை மறித்தேன். இன்னும் ஒரு திங்கள் பொறுத்தால் ஆசாரி அனுப்புவார் என்றேன். "கதிர் பொறுக்காது மச்சான்," என்றார். அவர் சொன்னது மெய். வயல் பழுத்து நின்றது, கரைவழியே அதை அடைய ஒருவரும் துணியவில்லை.

நடந்ததை அவரோடு போய் மரத்தில் ஏறி இருந்தவர்கள் சொன்னார்கள். எருமை நீருக்கு இறங்கிற்று. அவர் காற்றுக்கு எதிரே நின்று, முன்காலுக்குப் பின்னே குறிவைத்து எய்தார். அம்பு இறகுவரை உள்ளே போயிற்று. எருமை விழவில்லை. நின்றது, திரும்பிற்று. அவர் தூணியில் கைவைத்தார். அங்கே ஊர்க் கொல்லனின் பழைய முனைகளே இருந்தன. அவற்றுள் ஒன்றை எய்தார். அது நெற்றியில் பட்டு மடிந்து விழுந்தது. எருமை அவரை அடைந்தது. பின்னர், அம்மரத்திலிருந்து காணும் தொலைவிலேயே, வாயிலும் மூக்கிலும் குருதி வழிய முழங்காலிட்டுச் சாய்ந்தது. அவர் உடலையும் எருமையையும் ஒரே கரையிலிருந்து எடுத்தார்கள்.

எருமையைப் பிளந்தவர்கள் முனையைக் கழுவிக் கொண்டுவந்தனர். மடியவில்லை; உடையவில்லை; விளிம்பு கெடவில்லை. அதற்கு மேல் ஒரு முனையிடம் எதிர்பார்க்க ஒன்றும் இல்லை. தங்கை கையை நீட்டினாள், கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மடியேல்லை," என்றாள். என்னிடமே திருப்பித் தந்துவிட்டு உள்ளே போனாள்.

ஊரார் அறுவடை செய்தனர். வைக்கோல் உலர்ந்த நாள்களில் திருவரங்கத்திலிருந்து வரதையங்காரின் அஞ்சலட்டை வந்தது. காரியம் ஜயமாயிற்றா, காவிரி நீர் என்ன செய்தது என்று கேட்டு, என் தங்கையும் மைத்துனரும் நலமா என்றும் கேட்டிருந்தார். நானும் அட்டையிலேயே விடை எழுதினேன். முனை மிக நன்றாக இருந்தது, எருமை இறந்தது, ஊரில் கதிர் வீட்டுக்கு வந்தது என்று எழுதினேன். நலம் கேட்ட வினாவுக்கு விடையெழுத இடம் எஞ்சாதபடி, அவ்வரிகளைச் சற்றுப் பெரிய எழுத்தில் எழுதினேன்.